ப்ளெயின்ஸ்பரோ பக்கத்து அரசு ஹைஸ்கூலில் என் பையன் ஒட்டுவானா?

கேள்வி இது: "கணவருக்கு நியூ ஜெர்சியில் வேலை. ஆகஸ்டில் குடும்பத்தோடு போகிறோம். மகன் சென்னையில் சிபிஎஸ்இ பள்ளியில் எட்டாவது முடித்திருக்கிறான். ப்ளெயின்ஸ்பரோ பக்கம் வீடு எடுங்கள், ஸ்கூல் நன்றாக இருக்கும் என்கிறார்கள். ஆனால் அது அரசுப் பள்ளியாம். நம்பிச் சேர்க்கலாமா? பையன் கொஞ்சம் கூச்ச சுபாவம். அங்கே ஒட்டுவானா?"

தாராளமாகச் சேர்க்கலாம். முதல் கேள்விக்கு அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. இரண்டாவதாகக் கேட்டிருக்கிறீர்களே, பையன் ஒட்டுவானா என்று, அதற்காகத்தான் இந்தப் பதிலை நீளமாக எழுதுகிறேன். இந்தப் பக்கம் குடிவரும் நம்மவர்கள் பள்ளியின் ரேங்க் என்ன, ஏபி எனும் கல்லூரி நிலைப் பாடங்கள் எத்தனை, போன வருஷம் எத்தனை பேர் ஐவி லீக் போனார்கள் என்று விசாரித்துவிட்டு வீடு பார்க்கப் போய்விடுகிறார்கள். பதினாலு வயசுப் பிள்ளை மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவான் என்று யாரும் விசாரிப்பதில்லை. என் பிள்ளைகள் இருவரும் மத்திய ஜெர்சியில் அரசு ஹைஸ்கூலில் படித்து முடித்தவர்கள். புதிதாக வந்த குடும்பங்கள் சிலவற்றோடு சேர்க்கைக்குக் கூடப் போயிருக்கிறேன். நான் பார்த்த வரையில், ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரையிலான அந்த நாலு வருஷம் நல்லபடியாகப் போவதற்கு இரண்டு விஷயம் வேண்டும். பள்ளி விட்ட பிறகு பையனுக்கென்று போக ஓர் இடம் இருக்க வேண்டும். அந்தக் கட்டிடத்துக்குள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பெரியவர் ஒருவராவது இருக்க வேண்டும்.

அரசுப் பள்ளி என்றதும் வரும் தயக்கத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். இங்கே பள்ளியை வாஷிங்டன் நடத்துவதில்லை. டிரென்டனில் இருக்கும் மாநில அரசு சட்டதிட்டம் போடும், கொஞ்சம் பணம் தரும். ஆனால் நடத்துவது அந்தந்த ஊரின் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது பள்ளி மாவட்டம். அதற்கு ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கல்விக் குழு இருக்கிறது. அந்த உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. செலவில் பெரும்பகுதி வீட்டு வரியிலிருந்து வருகிறது. நியூ ஜெர்சியில் வீட்டு வரி நாட்டிலேயே மிக அதிகம். மாநில சராசரி வருஷத்துக்குச் சுமார் 10,000 டாலர், அதில் பாதிக்கும் சற்று மேலே பள்ளிகளுக்குப் போகிறது. நீங்கள் வாடகைக்கு இருந்தாலும் அந்த வரி வாடகைக்குள் அடக்கம்தான். அதனால் இலவசப் பள்ளியில் சேர்க்கிறோம் என்ற கூச்சம் வேண்டாம்.

இதில் எனக்கு உறுத்தும் விஷயம் ஒன்றும் உண்டு. பணம் ஊர் வரியிலிருந்து வருவதால் ஊர் எல்லைதான் பள்ளியின் தரத்தையும் பெருமளவு தீர்மானிக்கிறது. 1974ல் மில்லிகன் எதிர் பிராட்லி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நகரப் பள்ளிகளில் இருக்கும் இனப் பிரிவினையைச் சரிசெய்ய, அதில் பங்கில்லாத புறநகர்ப் பள்ளி மாவட்டங்களை இழுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. புறநகர்ப் பள்ளிகள் தனித் தீவாக நின்றதற்கு அது ஒரு முக்கியக் காரணம். நீங்கள் வரப்போகும் இடத்திலிருந்து கொஞ்ச நேரம் கார் ஓட்டினால் டிரென்டன் நகரம். அங்கே பள்ளிகளின் கதை வேறு. நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அபாட் எதிர் பர்க் வழக்கில் ஏழை நகரங்களின் பள்ளிகளுக்கு மாநிலம் கூடுதல் பணம் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி, டிரென்டனும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் இடைவெளி இடைவெளிதான். 'நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்று நாம் பேசும்போது அதன் விலையில் யாரெல்லாம் வெளியே நிற்கிறார்கள் என்பதையும் பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் இடத்துக்கு வருகிறேன். வெஸ்ட் வின்ட்சர், ப்ளெயின்ஸ்பரோ இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஒன்று மெர்சர் கவுண்டி, மற்றது மிடில்செக்ஸ் கவுண்டி. ஆனால் பள்ளி மாவட்டம் இரண்டுக்கும் ஒன்றேதான். உருளைக்கிழங்கு வயலும் பால் பண்ணையுமாக இருந்த பூமி இது. ப்ரின்ஸ்டன் ஜங்ஷனில் நியூயார்க் ரயில், ரூட் 1 நெடுஞ்சாலை ஓரமாக மருந்துக் கம்பெனிகளும் ஆராய்ச்சிக் கூடங்களும், அப்புறம் 1970களில் ப்ளெயின்ஸ்பரோவில் வரிசையாக எழுந்த அபார்ட்மெண்டுகள் என்று ஊர் மாறியது. ஃபாக்ஸ் ரன், ஹண்டர்ஸ் க்ளென் என்ற பெயர்களை இங்கே வந்துபோன எந்தத் தமிழரிடம் கேட்டாலும் சொல்வார். நம்மில் பலருக்கு முதல் வீடு அதுதான். மாவட்டத்துக்கு முதலில் ஒரே ஹைஸ்கூல், 1973ல் திறந்தது. கூட்டம் தாங்காமல் 1997ல் இரண்டாவது வந்தது. பழையது இப்போது சவுத், ப்ரின்ஸ்டன் ஜங்ஷனில். புதியது நார்த், ப்ளெயின்ஸ்பரோவில். எது உங்களுக்கு என்பதை விலாசம் முடிவு செய்யும், நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

விலாசம் என்றதும் ஓர் எச்சரிக்கை. தபால் விலாசத்தில் 'ப்ரின்ஸ்டன்' என்று இருந்தால் ப்ரின்ஸ்டன் பள்ளி கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ப்ளெயின்ஸ்பரோ, வெஸ்ட் வின்ட்சர், சவுத் பிரன்ஸ்விக், லாரன்ஸ், மான்ட்கமரி ஆகிய ஊர்களில் பல வீடுகளுக்கு ப்ரின்ஸ்டன் என்ற தபால் பெயர் உண்டு. பள்ளி மாவட்டம் அந்தந்த ஊரைப் பொறுத்தது. லீஸில் கையெழுத்துப் போடும் முன்பு, அபார்ட்மெண்ட் ஆபீஸ் சொல்வதை மட்டும் கேட்காமல், வீட்டு எண்ணோடு முழு விலாசத்தையும் சொல்லி மாவட்ட அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள். பள்ளி பஸ்ஸையும் அப்போதே கேளுங்கள். ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு வீடு இரண்டரை மைலுக்கு அப்பால் இருந்தால்தான் மாநிலச் சட்டப்படி பஸ் விட்டாக வேண்டும்.

சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு, நன்கொடை, சிபாரிசு எதுவும் கிடையாது. எல்லைக்குள் குடியிருந்தால் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். விசா நிலையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. 1982ல் பிளைலர் எதிர் டோ வழக்கின் தீர்ப்பு, எந்தக் குடியேற்ற ஆவணமும் இல்லாத பிள்ளைகளுக்கும் பள்ளிக் கதவைத் திறந்துவிட்டது. அவர்கள் கேட்பது குடியிருப்புச் சான்றுகள், பிறந்த தேதிக்குச் சான்று, தடுப்பூசி விவரம், பழைய பள்ளியின் மதிப்பெண்கள். டிசியோடு கடைசி இரண்டு மூன்று வருஷ மார்க் ஷீட்டுகளையும் பள்ளி முத்திரையோடு வாங்கி வாருங்கள். தடுப்பூசியில், மூளையுறைக் காய்ச்சலைத் தடுக்கும் மெனிஞ்சோகாக்கல் ஊசி நம் ஊரில் பலருக்குப் போட்டிருக்காது. இங்கே வந்தும் போட்டுக்கொள்ளலாம். காசநோய்ப் பரிசோதனையும் கேட்பார்கள். நம் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் பிசிஜி போட்டிருப்பதால், கையில் ஊசி குத்திப் பார்க்கும் சோதனை சிலருக்குத் தடித்துக் காட்டும். அப்புறம் எக்ஸ்ரே, அலைச்சல், சேர்க்கையில் தாமதம். ரத்தப் பரிசோதனையை பிசிஜி பாதிக்காது. டாக்டரிடம் அதையே கேளுங்கள்.

படிவத்தில் வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு கேள்வி வரும். தமிழ் என்று எழுதினால் பையனைத் தனி ஆங்கில வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து 'ஆங்கிலம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. உண்மையை எழுதுங்கள். ஆங்கிலத் திறனை ஒரு சின்னத் தேர்வு வைத்துப் பார்ப்பார்கள். சென்னையில் ஆங்கில வழியில் படித்த பையன் அதைத் தாண்டிவிட்டால் தனி வகுப்பு கிடையாது. தாண்டவில்லை என்றால் அந்த உதவி அவனுக்குத் தேவை என்றுதான் பொருள். அந்த உதவி சும்மா கிடைப்பதும் இல்லை. சான் பிரான்சிஸ்கோ சீனக் குடும்பங்கள் வழக்குப் போட்டு 1974ல் வாங்கித் தந்த உரிமை அது.

கணக்கில்தான் நம் பிள்ளைகளுக்கு முதல் குழப்பம். நம் ஊரில் ஒவ்வொரு வருஷமும் இயற்கணிதம், வடிவியல், புள்ளியியல் எல்லாம் கலந்து வரும். இங்கே ஒரு வருஷம் முழுக்க ஆல்ஜீப்ரா 1, அடுத்தது ஜியாமெட்ரி, அடுத்தது ஆல்ஜீப்ரா 2, அப்புறம் ப்ரீகால்குலஸ், கால்குலஸ். எட்டாவது முடித்தவனுக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும், எதுவும் முழுதாக முடிந்திருக்காது. எந்தப் படியில் வைப்பது என்று பள்ளிக்கே குழப்பம் வரும். தேர்வு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் "என் பையன் கணக்கில் புலி, மேலே போடுங்கள்" என்று சண்டை பிடிக்காதீர்கள். புது நாடு, புது உச்சரிப்பு, புது முகங்களுக்கு நடுவே ஒரு பாடமாவது அவனுக்குச் சுலபமாக இருப்பது முதல் வருஷத்துக்கு நல்லது. தடுமாற்றம் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சரித்திரத்திலும் வரும். பாடப் புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதினால் இங்கே மதிப்பெண் வராது. ஒரு கருத்தைச் சொல்லி, அதற்கு மூல நூலிலிருந்து ஆதாரம் காட்டி, எங்கிருந்து எடுத்தாய் என்பதையும் குறிப்பிட வேண்டும். பிறர் எழுத்தைக் குறிப்பிடாமல் எடுத்தால் அது திருட்டாகவே நடத்தப்படும், பதிவிலும் ஏறும். இதை விமானம் ஏறும் முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

ஹைஸ்கூல் முடித்துப் பட்டயம் வாங்க மாநிலக் கணக்கு 120 கிரெடிட். வருஷம் முழுக்க ஓடும் பாடம் ஒன்றுக்குப் பொதுவாக 5. ஆங்கிலம் நாலு வருஷமும் கட்டாயம். உடற்பயிற்சியும் அப்படியே. இசை, ஓவியம், நாடகம் போல ஒரு கலைப் பாடமும், பண நிர்வாகம் பற்றிய பாடமும் உண்டு. ஏபி என்பது காலேஜ் போர்ட் நடத்தும் கல்லூரி நிலைப் பாடங்கள். மே மாதம் தேர்வு, மதிப்பெண் 1 முதல் 5 வரை. ஒன்பதாவதில் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

இனி மதியச் சாப்பாடு. நம் ஊரில் எட்டு 'பி' என்றால் எட்டு 'பி'தான். அதே நாற்பது பேர், அதே அறை, ஆசிரியர்கள்தான் மாறி மாறி வருவார்கள். நட்பு தானாக அமையும், யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. இங்கே ஆசிரியர் தன் அறையிலேயே இருப்பார், பிள்ளைகள்தான் மணி அடித்ததும் நாலைந்து நிமிஷத்துக்குள் அடுத்த அறைக்கு ஓட வேண்டும். ஒவ்வொரு பீரியடுக்கும் வேறு முகங்கள். கணக்கு வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன் சரித்திர வகுப்பில் இருக்க மாட்டான். வகுப்பாசிரியர் என்ற ஒருவரும் கிடையாது. ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள் இருக்கும் கட்டிடத்தில், கூச்ச சுபாவம் உள்ள பையன் ஒருவன் வாரக்கணக்கில் யாரிடமும் பேசாமலே எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க் வாங்கிக்கொண்டிருக்க முடியும். வீட்டில் நமக்குத் தெரியவே தெரியாது. மார்க் வருகிறது, எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று இருந்துவிடுவோம். சாப்பாட்டு நேரம் வந்தால்தான் அந்தத் தனிமை வெளியே தெரியும். இடம் தேடி நிற்பதற்குக் கூச்சப்பட்டு நூலகத்தில் போய் உட்காரும் பிள்ளைகளைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். முதல் மாதம் "இன்று என்ன பாடம்?" என்பதை விட "இன்று யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். தினமும் குடைய வேண்டாம், பேச்சுவாக்கில் கேளுங்கள்.

கவுன்சிலர் என்ற ஒருவரை ஒவ்வொரு மாணவருக்கும் ஒதுக்கியிருப்பார்கள். பாடத் தேர்வு, மனக் கஷ்டம், கல்லூரி விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எல்லாம் அவர் வழியாகத்தான். ஒரு கவுன்சிலருக்கு 250 பேர் என்பதுதான் அவர்கள் சங்கமே பரிந்துரைக்கும் அளவு. அதுவே பெரிய கூட்டம். தானாக அவர் உங்கள் பையனைத் தேடி வருவார் என்று காத்திருக்க முடியாது. செப்டம்பரிலேயே அவன் போய்ப் பேச வேண்டும், ஒன்றும் பிரச்சினை இல்லாதபோதே. இங்கே ஆசிரியரிடம் நேரே போய்ப் பேசுவது மரியாதைக் குறைவு இல்லை. பேசாமல் இருப்பதைத்தான் ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். நம் பிள்ளைகளுக்குக் கை கட்டி நின்று பழக்கம். அந்தப் பழக்கம் மாற நாளாகும்.

பள்ளி விட்ட பிறகுதான் அந்த வளாகத்துக்கு உயிர் வரும். சயன்ஸ் ஒலிம்பியாட், ரோபாடிக்ஸ், மாதிரி ஐ.நா. சபை, விவாதக் குழு, மாணவர் பத்திரிகை, நாடகம், ஆண்டு மலர், செஸ். அமெரிக்க ஹைஸ்கூல் என்றால் வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்பால் என்று படங்களில் பார்த்திருப்பீர்கள். இந்தப் பக்கம் அப்படி இல்லை. நார்த் பள்ளியில் 2017ல் ஆட்கள் போதாமல் முதன்மை ஃபுட்பால் அணியே அந்த வருஷம் களம் இறங்கவில்லை. அதனால் எந்த ஆட்டமும் தெரியாத பையனுக்கும் இங்கே இடம் உண்டு. என்னைக் கேட்டால் இரண்டைச் சொல்வேன். ஒன்று கிராஸ் கன்ட்ரி ஓட்டம். பெரும்பாலான பள்ளிகளில் இதில் யாரையும் கழிக்க மாட்டார்கள், கடைசியாக ஓடி வருகிறவனுக்கும் கைதட்டல் கிடைக்கும். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூட ஓடுகிறவர்களோடு பேசாமல் இருக்கவே முடியாது, கூச்சக்காரர்களுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. மற்றது அணிவகுப்பு பேண்ட், அல்லது மேடைக்குப் பின்னால் நின்று விளக்குகளையும் அரங்க அமைப்பையும் கவனிக்கும் நாடகக் குழு. இவற்றில் முன் அனுபவம் இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கும். கல்லூரி விண்ணப்பத்துக்கு எது நன்றாக இருக்கும் என்று பார்த்துச் சேர்த்தால் இந்தப் பலன் கிடைக்காது. பையனுக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும், ஒன்றிரண்டு போதும்.

இந்த இடத்தில் அந்த மாவட்டத்திலேயே நடந்த ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2015 இலையுதிர் காலத்தில் மாவட்டக் கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட் பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் ஒன்று எழுதினார். பிள்ளைகள் தாங்க முடியாத அழுத்தத்தில் இருக்கிறார்கள் என்றார். முந்தைய பள்ளி ஆண்டில் நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 120 பேரை மனநலப் பரிசோதனைக்குப் பரிந்துரைத்ததையும், அவர்களில் 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதையும் சொன்னார். ஹைஸ்கூலில் அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகள் நிறுத்தப்பட்டன. வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் வந்தன. சின்ன வகுப்புகளில் மேல் கணக்குப் பிரிவைச் சுருக்கினார்கள். வாத்தியம் சரியாக வராத பிள்ளையும் இசைக் குழுவில் சேரலாம் என்று ஒரு திட்டமும் வந்தது. ஊர் இரண்டாகப் பிரிந்தது. மாணவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு ஆசிய வம்சாவளி. எதிர்த்தவர்களில் இந்திய, சீனப் பெற்றோர் அதிகம், ஆதரித்தவர்களில் வெள்ளைக்காரப் பெற்றோர் அதிகம். எல்லோரும் அப்படியே இல்லை என்றாலும் கோடு அந்த இடத்தில்தான் விழுந்தது. தேசியச் செய்தியாகவும் ஆனது.

எதிர்த்த பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். நம்மில் பலரை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தது பரீட்சைதான். சொத்தோ சிபாரிசோ இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு நுழைவுத் தேர்வு ஒன்றுதான் ஏணி, அதைத் தூக்கி வைக்கிறார்கள் என்று தோன்றினால் பதற்றம் வரத்தான் செய்யும். "எங்கள் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்பதற்காக விதியை மாற்றுகிறார்கள்" என்ற மனக்கசப்பும் அதில் இருந்தது. அந்த உணர்வை வெறும் பேராசை என்று தள்ளுவது நியாயம் இல்லை. ஆனாலும் என் மனம் கண்காணிப்பாளர் பக்கம்தான். மருத்துவமனைக்குப் போன 40 பிள்ளைகளும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் நம் தெருப் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். நம் ஊரில் பரீட்சை முடிந்தால் முடிந்தது, மே மாதம் பாட்டி வீட்டுக்குப் போய்விடலாம். இங்கே ஒவ்வொரு வீட்டுப்பாடமும், ஒவ்வொரு வாரத் தேர்வும் நாலு வருஷத்துச் சராசரியில் சேர்ந்துகொண்டே போகிறது. அதன் மேல் நாம் சனி, ஞாயிறு கோச்சிங்கையும் ஏற்றினால் அந்தப் பிள்ளை எப்போது மூச்சு விடும்?

அழுத்தம் பள்ளியிலிருந்து மட்டும் வருவதில்லை. அபார்ட்மெண்ட் நீச்சல் குளத்தருகே, கோவிலில், பிறந்தநாள் விருந்தில், பெரியவர்கள் பேச்சிலிருந்து வருகிறது. "உங்க பையன் எந்த மேத்ஸ்?" என்ற கேள்வியைப் பையன் எதிரில் உங்களிடம் யாராவது கேட்பார்கள். பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிடுங்கள். மதிப்பெண்களை உடனுக்குடன் காட்டும் பெற்றோர் போர்ட்டல் ஒன்றும் தருவார்கள். ஒவ்வொரு நாளும் திறந்து பார்க்கும் அம்மா அப்பாக்களைத் தெரியும். பையன் பஸ்ஸிலிருந்து இறங்கும் முன்பே அவன் மார்க் வீட்டுக்கு வந்திருக்கும். வாரத்துக்கு ஒரு நாள், அவனோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள், போதும். தூங்காமல் இருக்கிறான், பிடித்ததையும் விட்டுவிட்டான், பேச்சு நின்றுவிட்டது என்றால் கவுன்சிலரிடமோ டாக்டரிடமோ போகத் தயங்காதீர்கள். உறவுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்ற யோசனை அதில் வரவே கூடாது. மனம் மிகவும் உடைந்த நேரத்தில் எந்த போனிலிருந்தும் 988 என்ற எண்ணைக் கூப்பிடலாம், இரவு பகல் எப்போதும் ஆள் இருப்பார்கள்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். 1999ல் கொலராடோவின் கொலம்பைன் ஹைஸ்கூலில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அமெரிக்கப் பள்ளிகளின் கதவுகளே மாறிவிட்டன. வாசலில் மணி அடித்து, அடையாள அட்டை காட்டித்தான் நீங்கள் உள்ளே போக முடியும். நியூ ஜெர்சியில் மாதம் ஒரு தீயணைப்பு ஒத்திகையும் ஒரு பாதுகாப்பு ஒத்திகையும் சட்டப்படி நடக்கும். விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டி மூலையில் அமைதியாக உட்கார்வது அதில் ஒரு வகை. முதல் முறை பையன் பயந்துபோய் வரலாம், முன்பே சொல்லி வையுங்கள். யாராவது அவனைக் கேலி செய்தால், சாப்பாட்டையோ உச்சரிப்பையோ நிறத்தையோ வைத்து வம்புக்கு இழுத்தால், "சின்னப் பசங்க, விடு" என்று இருக்க வேண்டாம். 2011ல் வந்த மாநிலச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளியிலும் இதற்கென்றே ஒரு பொறுப்பாளர் உண்டு. புகார் வந்த ஒரு பள்ளி நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும், பத்துப் பள்ளி நாட்களுக்குள் முடிக்க வேண்டும். எழுத்தில் கொடுங்கள்.

நம்மவர்கள் அதிகம் இருப்பதால் ஆறுதலும் உண்டு, ஓர் இடைஞ்சலும் உண்டு. தயிர் சாதத்தை யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். மத்திய ஜெர்சியில் பல மாவட்டங்களில் தீபாவளிக்கு விடுமுறை. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. தமிழில் தேர்வு எழுதி, இருமொழித் திறனுக்கான மாநில முத்திரையைப் பட்டயத்தில் வாங்கும் பிள்ளைகளும் உண்டு. இடைஞ்சல் என்னவென்றால், நாலு வருஷமும் நம் ஆட்களோடேயே இருந்துவிட்டு வெளியே வர முடியும். கிராஸ் கன்ட்ரி, நாடகம் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்று: பதினாறு, பதினேழு வயதில் கூடப் படிக்கிறவர்கள் ஐஸ்கிரீம் கடையில் பகுதி நேர வேலைக்குப் போவார்கள். வேலை விசாவில் வருகிறவரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கும் பையன் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. நூலகத்தில் சம்பளமில்லாத் தொண்டு வேலை செய்யலாம். ஏன் தனக்கு மட்டும் முடியாது என்று அவன் கேட்கும்போது மழுப்பாமல் விளக்குங்கள். வளர்ந்த பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

நீங்களும் உங்கள் கணவரும் செய்ய வேண்டியதாக ஒன்று சொல்கிறேன். செப்டம்பரில் 'பேக் டு ஸ்கூல் நைட்' என்று ஒரு மாலை வரும். பையனின் கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, பீரியடுக்குச் சில நிமிஷம் என்று அவனுடைய ஒவ்வொரு வகுப்பறைக்கும் நீங்கள் நடக்க வேண்டும். இருவரும் போங்கள். அவன் தினமும் எவ்வளவு தூரம் ஓடுகிறான், யார் முன்னால் உட்கார்கிறான் என்று ஒரே மாலையில் புரிந்துவிடும். கல்விக் குழுக் கூட்டங்களுக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். குடியுரிமை இல்லாததால் ஓட்டுப் போட முடியாது, ஆனால் பொதுமக்கள் பேசும் நேரத்தில் ஊரில் குடியிருக்கும் யாரும் எழுந்து பேசலாம். நாடகத்தன்று டிக்கெட் கிழிக்க, இசை நிகழ்ச்சியில் நாற்காலி போட, மைதானக் கடையில் தண்ணீர் பாட்டில் விற்க என்று பெற்றோரைக் கூப்பிடுவார்கள். நம்மவர்கள் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுகிறோம். போனால்தான் மற்ற பெற்றோரும் ஆசிரியர்களும் உங்களை அறிவார்கள், உங்கள் பையனையும் அறிவார்கள்.

கடைசியாகத் தேதி விவரம். வகுப்புகள் செப்டம்பர் முதல் வாரத்தில்தான் தொடங்கும் என்று நிதானமாக ஆகஸ்ட் கடைசியில் வந்து இறங்காதீர்கள். இலையுதிர் கால விளையாட்டுகளும் பேண்ட் பயிற்சியும் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். விளையாட்டில் சேர டாக்டர் கையெழுத்திட்ட உடல் தகுதிப் படிவம் வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு வரும் புதியவர்களுக்குக் கட்டிடத்தைச் சுற்றிக் காட்டும் நாளும் அப்போதுதான். முடிந்தால் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே வந்துவிடுங்கள். இந்தியாவிலிருந்தே கவுன்சிலர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பையனின் மார்க் ஷீட் பிரதிகளையும் இணைத்து, கணக்குத் தேர்வுக்கு நாள் கேட்டு வையுங்கள். அபார்ட்மெண்ட் பெயர் முடிவானதும் எழுதுங்கள், நார்த்தா சவுத்தா என்று மாவட்டத்தில் எப்படிக் கேட்பது என்பதைச் சொல்கிறேன்.